யானைக்கால் புழுவின் ஆயுளைக் கண்டுபிடித்த பாண்டிச்சேரி டேட்டா... மருத்துவ ஆராய்ச்சியில் டேட்டா சயின்டிஸ்ட் ஆவது எப்படி?

"ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுக்கப் போற நேரத்துக்குக் கதவைத் தட்டுவாங்க. விரல்ல குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடில தடவி எடுத்துட்டுப் போவாங்க. பகல்ல எடுத்தா புழு சிக்காதாம்ல!"

எங்க ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பேன். புழுவுக்கு ராத்திரி, பகல் எல்லாம் தெரியுமான்னு. ஆனா ஆயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள், நம்ம ஊர் வகையில், ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். அந்த நேரத்தில்தான் கியூலெக்ஸ் கொசுவும் கடிக்க வரும். கொசுவுக்காகவே டைம் டேபிள் போட்டு வைத்திருக்கும் புழு!

அப்படி வீடு வீடாக எடுத்த சொட்டு ரத்தம் எல்லாம் கடைசியில் எங்கே போச்சு? ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே. அங்கிருந்து, "இந்தப் புழு மனுஷ உடம்புக்குள்ள எத்தனை வருஷம் வாழும்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வந்தது. இன்றைக்கு 'ஹெல்த் டேட்டா சயின்ஸ்' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அந்த வேலையை பல வருஷம் முன்னாடியே செஞ்ச ஊர் இது.

போன மாசம் வேற ஒரு ஸ்டோரிக்காக ஈ.சி.ஆர்-ல் பிள்ளைச்சாவடி போயிருந்தேன். ஒரு பக்கம் கடல், மீனவர் குடியிருப்பு. இன்னொரு பக்கம் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பல பேர் வாயில் அது இன்னும் 'பி.இ.சி'தான், 2020-ல் பெயர் மாறியும் பழக்கம் மாறலை. பக்கத்திலேயே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். கொஞ்ச தூரத்தில் கணபதிச்செட்டிகுளத்தில் மருத்துவக் கல்லூரி. டீக்கடையில் பேச்சு கொடுத்த ஒரு மாணவி கேட்டார், "அக்கா, டேட்டா சயின்ஸ் படிக்கிறவங்க எல்லாரும் ஷாப்பிங் ஆப்ல எதை வாங்குவோம்னு கணிக்கிற வேலைக்குத்தான் போகணுமா? ஆஸ்பத்திரி பக்கம் எதுவும் இல்லையா?"

இருக்கு. நிறையவே இருக்கு. இந்தக் கட்டுரை அவருக்காகவும் அவரை மாதிரி யோசிக்கிற பாகூர், வில்லியனூர் பசங்களுக்காகவும்தான்.

5,071 பேர்... ஒரு கற்பனை ஊர்!

1975-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர். சுருக்கமா, கொசு ஆராய்ச்சி மையம். 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரிய திட்டம் ஒன்றை இவர்கள் நடத்தினார்கள். மாத்திரையை மட்டும் நம்பாமல், கொசு பெருகும் இடத்தையே குறைத்தால் யானைக்கால் நோய் குறையுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். திட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் மக்களின் ரத்தத்தை எடுத்து, எத்தனை புழுக்குஞ்சு இருக்கு என்று எண்ணினார்கள்.

பிற்பாடு இந்த டேட்டாவை எடுத்துக்கொண்டு, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இருக்கும் எராஸ்மஸ் பல்கலைக்கழகமும் புதுச்சேரி மையமும் சேர்ந்து வேலை செய்தன. அதிலிருந்து வந்ததுதான் 'லிம்ஃபாசிம்' என்ற சிமுலேஷன் புரோகிராம். 1998-ல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானது.

இது எப்படி வேலை செய்யும்? கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை ஊரை உருவாக்குவார்கள். அந்த ஊரில் ஒவ்வொரு ஆளும் தனித்தனி. ஒருத்தரைக் கொசு அதிகம் கடிக்கும், இன்னொருத்தரைக் குறைவாகக் கடிக்கும். ஒருத்தருக்கு எதிர்ப்பு சக்தி அதிகம். உடம்புக்குள் புழு வரும், குஞ்சு பொரிக்கும், வயசாகிச் சாகும். இப்படியே வருஷக்கணக்கில் அந்த ஊரை ஓட்டிப் பார்த்து, நிஜ பாண்டிச்சேரியில் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லையா? எண்களை மாற்றி மறுபடி ஓட்டு.

2004-ல் வெளிவந்த ஆய்வில் 5,071 பேரின் டேட்டாவை வைத்து இதைச் செய்தார்கள். பதில், அந்தப் புழு சராசரியாக சுமார் 10 வருஷம் உயிரோடு இருக்கும்! உடம்பைத் திறந்து பார்த்து யாரும் இதைச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மனுஷனின் நிணநீர்க் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் புழுவுக்கு யார் பிறந்தநாள் கொண்டாடிப் பார்க்க முடியும்? எண்களில் இருந்துதான் சொன்னார்கள்.

இன்னொரு விஷயமும் அதில் வந்தது. வயசு கூடக் கூட நோய்த்தொற்று கூடிக்கொண்டே போகாமல், ஒரு கட்டத்தில் வளைந்து இறங்கியது. எதிர்ப்பு சக்தி என்ற ஒன்றை மாடலுக்குள் சேர்த்தால்தான் அந்த வளைவு சரியாக வந்தது. சரி, மாடல் நம்ம டேட்டாவுக்குப் பொருந்துவது பெரிய விஷயமில்லை. திட்டம் முடிந்து 3 வருஷம், 6 வருஷம் கழித்து ஊரில் பார்த்த நிலைமையோடும் மாடலின் கணிப்பு ஒத்துப்போனது. அங்கேதான் நம்பிக்கை வருகிறது.

இதனால் என்ன லாபம்னு கேட்டா, மாத்திரைக் கணக்கு. ஊருக்கே வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரை, குஞ்சுகளை நல்லா ஒழிக்கும். பெரிய புழு எல்லாவற்றையும் கொன்றுவிடாது. அப்படியென்றால் எத்தனை வருஷம் கொடுக்கணும்? ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம். தேவைக்கு மேல் கொடுத்தால் பணம், ஆட்கள், மக்களின் பொறுமை எல்லாம் வீண். புழுவின் ஆயுள் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

வீடா... சானடோரியமா?

யானைக்காலை விடப் பழைய கதை ஒன்று சென்னையில் இருக்கிறது. 1956-ல் அங்கே காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இப்போது அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுத்து ஓய்வெடுக்கணும், சத்தா சாப்பிடணும் என்பதுதான் நம்பிக்கை. ஆனால், எல்லாருக்கும் படுக்கைக்கு எங்கே போவது?

193 நோயாளிகளை ரேண்டமாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம். இன்னொரு பாதிக்கு வீட்டிலேயே சிகிச்சை. நெரிசலான வீடு, சுமாரான சாப்பாடு. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்து, சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கும், வீட்டில் 86 சதவிகிதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தினருக்கு டி.பி. கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானபோது, உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை பற்றிய யோசனையே மாற ஆரம்பித்தது. இன்று டி.பி. வந்தவர் வேலைக்குப் போய்க்கொண்டே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதில் அந்த சென்னை அட்டவணைக்கும் பங்கு உண்டு.

இந்த ரெண்டு கதையிலும் 'டேட்டா சயின்டிஸ்ட்' என்ற பெயரே கிடையாது. புள்ளியியலாளர், மாடலர் என்றுதான் இருந்தது. பெயர் புதுசு, வேலை பழசு.

ஒரு டிரயலுக்குள் என்ன நடக்குது?

மருந்து கம்பெனி ஒரு புது மருந்தைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு முறையும் பி.பி., ரத்த ரிசல்ட், பக்கவிளைவு எல்லாம் ஒரு படிவத்தில் ஏறும். அங்கிருந்தே வேலை ஆரம்பம்.

முதலில் டேட்டா மேனேஜ்மென்ட். எடை 7 கிலோ என்று இருக்கிறது, நோயாளிக்கு வயசு 45. எழுபதா, எழுபத்தைந்தா? யாரும் யூகித்துத் திருத்தக் கூடாது! ஆஸ்பத்திரிக்கு 'குவெரி' அனுப்பி, அவர்கள் மூல ஆவணத்தைப் பார்த்துத் திருத்தணும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற தடம் அப்படியே இருக்கணும். எல்லா குவெரியும் முடிந்ததும் 'டேட்டாபேஸ் லாக்'. பூட்டிய பிறகு தொட முடியாது.

அடுத்து ஸ்டாட்டிஸ்டிகல் புரோகிராமர். பூட்டிய டேட்டாவை 'சி-டிஸ்க்' என்ற சர்வதேச வடிவத்துக்கு மாற்றி, அட்டவணைகளும் படங்களும் தயாரிப்பவர். இவருக்கு முக்கிய ஆயுதம் எஸ்.ஏ.எஸ்.; இப்போது ஆர் மொழியும் வேகமாக உள்ளே வருது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம், டபுள் புரோகிராமிங். முக்கியமான அட்டவணைகளை ரெண்டு பேர், ஒருத்தர் கோடை இன்னொருத்தர் பார்க்காமல், தனித்தனியாக எழுதுவார்கள். கடைசியில் ரெண்டு ரிசல்ட்டையும் ஒப்பிடணும். ஒரு தசமம் தட்டினாலும் உட்கார்ந்து தேடணும். ஐ.டி-யிலிருந்து மாறி வர்றவங்களுக்கு இது ஆரம்பத்தில் கடுப்பாகத்தான் இருக்கும்.

பயோஸ்டாட்டிஸ்டிஷியன் வேலை டிரயல் தொடங்கும் முன்னாடியே ஆரம்பித்துவிடும். எத்தனை நோயாளி தேவை, எதை வெற்றி என்று சொல்வது, யாராவது நடுவில் விலகினால் எப்படிக் கணக்கில் எடுப்பது... எல்லாவற்றையும் ரிசல்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடணும். ஏன்? ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அளவுகோலை மாற்றினால், எந்த மருந்தையும் நல்ல மருந்தாகக் காட்டிவிடலாமே. யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு போலி மாத்திரை என்பதே கடைசி வரை அவர் டீமுக்குத் தெரியாது. டம்மி குறியீட்டை வைத்துத்தான் கோடு எழுதிச் சரிபார்ப்பார்கள்.

இதுபோக நோய்ப்பரவல் மாடலிங், மரபணு டேட்டாவைப் பார்க்கும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், ஸ்கேன் படத்தைப் படிக்கும் ஏ.ஐ. என்று கிளைகள் பல.

ஒரு வரிசை தள்ளிப்போனால்..?

மற்ற துறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தப்பான ரெகமண்டேஷன் வந்தால் வேண்டாத ஒரு சட்டை விளம்பரம் வரும். அவ்வளவுதான். இங்கே?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006 வாக்கில் ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோய்க் கட்டியின் மரபணுவைப் பார்த்து, எந்த கீமோ மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார்கள். உலகமே கொண்டாடியது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற ரெண்டு புள்ளியியல் நிபுணர்கள் மட்டும் அதே ரிசல்ட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. தோண்டிப் பார்த்தால், மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப்போய் இருந்தது! சில இடங்களில் 'மருந்து கேட்கும்', 'கேட்காது' என்ற லேபிளே தலைகீழ். அதற்குள் இதை நம்பி நிஜ நோயாளிகளை வைத்து டிரயல்களே தொடங்கியிருந்தன. 2010-ல் நிறுத்தப்பட்டன, கட்டுரைகள் வாபஸ் ஆகின. தள்ளிப்போனது மட்டுமல்ல, வேறு முறைகேடுகளும் வெளியே வந்தன என்பது தனிக்கதை.

சிரிப்பு வரவழைக்கும் கதையும் உண்டு. 'மார்ச்', 'செப்ட்' என்று தொடங்கும் பெயருள்ள மரபணுக்களை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தப்பு. எக்செலோடு போராடிப் பார்த்துவிட்டு, 2020-ல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்று சொல்லவா? பெயர். ஒரே நோயாளி ஒரு ஆஸ்பத்திரியில் 'எம்.செல்வி', இன்னொன்றில் 'செல்வி எம்'. புதுச்சேரியில் இன்னும் ஒருபடி மேலே. ராஜலட்சுமி என்ற பெயர் பழைய பிரெஞ்சு பாணி ஆவணத்தில் 'ஆர்-ஏ-டி-ஜே' என்று தொடங்கும், புது அட்டையில் 'ஆர்-ஏ-ஜே'. சுப்பிரமணியன் அங்கே 'எஸ்-ஓ-யூ', இங்கே 'எஸ்-யூ'. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற ஆள். ஒருத்தரின் பழைய ரிப்போர்ட்டும் புது ரிப்போர்ட்டும் சேராமலே போகும். வெளியூரில் எழுதிய எந்த சாஃப்ட்வேருக்கும் இது தெரியாது. நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலும் ஒரு தகுதிதான் பாஸ்.

ஏ.ஐ. வந்தாச்சு, அப்புறம் ஆள் எதுக்கு?

2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ-யை வெளியிட்டார்கள். அதைப் பழக்கிய 1,28,175 கண் படங்களில், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் உண்டு. ரிசல்ட் பிரமாதம். ஆனால், தாய்லாந்தின் சிறு கிளினிக்குகளில் அதே தொழில்நுட்பத்தை இறக்கியபோது, சுமார் 5-ல் 1 படத்தை 'தெளிவில்லை' என்று ஏ.ஐ. ஒதுக்கிவிட்டது. அறையில் இருட்டு போதவில்லை, இன்டர்நெட் ஸ்லோ. நர்ஸ்கள் பாவம், நோயாளியை இன்னொரு நாள் லீவு போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டிய நிலை. 2020-ல் இதை அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள் என்பதைப் பாராட்டணும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பரவலாகப் பயன்பட்ட செப்சிஸ் எச்சரிக்கை மாடல் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் சோதித்தார்கள். செப்சிஸ் என்பது கிருமித்தொற்று ரத்தத்தையும் உறுப்புகளையும் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தான நிலை. அது வந்தவர்களில் 67 சதவிகிதம் பேரை அந்த மாடல் கோட்டைவிட்டிருந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னும் பழசு, 1990-களில் நடந்தது. நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து என்று கற்றுக்கொண்ட மாடல் ஒன்று, 'ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு' என்று சொன்னது. எந்த டாக்டரும் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால், டேட்டா பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களை டாக்டர்கள் நேராக ஐ.சி.யூ-வுக்கு அனுப்பி நல்லா கவனித்ததால், அவர்கள் அதிகம் பிழைத்தார்கள். வார்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த ஆள் ஒருத்தர் டீமில் இல்லையென்றால், அந்த மாடல் ஆஸ்துமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

என்ன படிக்கணும், எங்கே?

கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ், பயோடெக், பார்மசி, நர்சிங்... எந்த வாசலில் இருந்தும் வரலாம். கணக்குப் பக்கம் இருந்து வர்றவங்க உடலியலும் நோயியலும் கொஞ்சம் கத்துக்கணும். உயிரியல் பக்கம் இருந்து வர்றவங்க புள்ளியியலைப் பார்த்து ஓடக் கூடாது. என் கணிப்பில் ரெண்டாவதுதான் கஷ்டம். நிறைய பேர் பைத்தான் கத்துக்கிட்டு, சராசரிக்கும் மீடியனுக்கும் வித்தியாசம் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போறாங்க.

உள்ளூரிலேயே பார்த்தால், ஜிப்மரில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதுகலை இருக்கிறது. காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியலும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும். வேலூர் சி.எம்.சி-யின் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் துறைக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. நோய்ப்பரவல் பக்கம் ஆர்வம் என்றால், சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கணும் என்றால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டம், ஜே.இ.இ. எழுதாமலே தகுதித் தேர்வு வழியாகச் சேரலாம். என்.பி.டி.இ.எல்-லில் வீடியோ பாடங்கள் இலவசம். சேர்க்கை தேதி, கட்டணம் எல்லாம் வருஷா வருஷம் மாறும். அந்தந்த இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கத்துக்க வேண்டிய வரிசை என்று கேட்டால், முதலில் புள்ளியியல் அடிப்படை. அப்புறம் ஆர், எஸ்.க்யூ.எல். கிளினிக்கல் டிரயல் பக்கம் என்றால் எஸ்.ஏ.எஸ்., மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு. ஏ.ஐ. பக்கம் என்றால் பைத்தான். நியூரல் நெட்வொர்க்கை முதல் நாளே தொடாதீங்க. ஆய்வு வேலையில் லாஜிஸ்டிக் ரெக்ரஷனும் சர்வைவல் அனாலிசிஸும் தினமும் சோறு போடும்.

அப்புறம் சட்டமும் ஒழுக்கமும். இந்தியாவில் டிரயல்களுக்கு 2019-ம் வருஷ விதிகள், தனிநபர் தரவுக்கு 2023-ம் வருஷச் சட்டம், மருத்துவ ஏ.ஐ-க்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகள். ஆயாவின் விரலில் குத்தியபோது யாரும் பாரத்தில் கையெழுத்து கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. இன்று எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு டிரயலில் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது.

வேலை நிலவரம்... உள்ளதை உள்ளபடி!

மருந்து கம்பெனிகளும், அவர்களுக்காக டிரயல் நடத்திக் கொடுக்கும் நிறுவனங்களும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில்தான் அதிகம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டே வேலை என்பது, அனுபவம் வந்த பிறகு கிடைத்தால் உண்டு. அரசு ஆராய்ச்சி மையங்களில் வேலை திருப்தியானது. ஆனால், பல பதவிகள் புராஜெக்ட் முடிகிற வரைக்கும்தான். 'அரசு வேலை' என்று வீட்டில் சொல்லி இனிப்பு கொடுக்கும் முன் ஆர்டரில் கால அளவைப் படித்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஐ.டி. நண்பனின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தூக்கம் வராது. அதையும் சொல்லித்தானே ஆகணும்.

காசு கொடுத்து வாங்கும் சர்டிஃபிகேட் கோர்ஸ்களிலும் கவனம். 'மூணு மாசத்தில் கிளினிக்கல் டேட்டா சயின்டிஸ்ட், வேலை உறுதி' என்று சொல்பவரிடம், போன பேட்சில் வேலைக்குப் போன ரெண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். முகம் மாறுவது தெரியும்.

அதைவிட, நிஜ டேட்டாவில் செய்த ஒரு நல்ல புராஜெக்ட் அதிகம் பேசும். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ. டேட்டா, அடையாளங்கள் நீக்கப்பட்டு 'மிமிக்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஆய்வு நெறிமுறை பற்றிய சின்ன ஆன்லைன் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இலவசம். அமெரிக்க அரசின் 'என்ஹேன்ஸ்' உடல்நல சர்வே டேட்டாவை எதுவும் கேட்காமலே டவுன்லோடு செய்யலாம்.

லேப்டாப் இல்லையா? போன் போதும், ஒரு சின்ன ஹோம்வொர்க். இந்திய கிளினிக்கல் டிரயல் பதிவேடு 2007-லிருந்து இயங்குகிறது. 2009 ஜூனிலிருந்து டிரயல் தொடங்கும் முன் அதில் பதிவது கட்டாயம். தேடும் கட்டத்தில் 'புதுச்சேரி' என்று ஆங்கிலத்தில் போடுங்கள். பழைய பெயரிலும் ஒருமுறை தேடுங்கள், சில பதிவுகள் அதில்தான் சிக்கும். ஏதாவது ஒரு டிரயலைத் திறந்து, எத்தனை நோயாளி, எதை முதன்மை முடிவாக வைத்திருக்கிறார்கள், எந்த நாளில் அதை அளப்பார்கள் என்ற மூணு வரியை மட்டும் படித்துப் பாருங்கள். டீக்கடை மாணவிக்கும் இதைத்தான் அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரியே பதில் வந்தது. "அக்கா, ஒண்ணுல சாம்பிள் சைஸ் 60-னு போட்டிருக்காங்க. ஏன் 60?"